பெயின்ட் ஷாப் காற்றை அளப்பது எப்படி: பெங்களூரு பட்டறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி என்று பெங்களூரில் எந்தத் தொழிற்பேட்டைக்குள் போனாலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் பின்புறம் ஒரு பெயின்ட் ஷெட் இருக்கும். ஸ்பிரே கன் பிடிப்பவர் தர்மபுரிக்காரராகவோ திருவண்ணாமலைக்காரராகவோ இருப்பார், ஹெல்பர் பீகார் பையனாக இருப்பான். ஆடிட் வருகிறது என்றதும் ஒரு லேபைக் கூப்பிட்டு 'ஒர்க் ஜோன் மானிட்டரிங்' செய்து அறிக்கையை ஃபைலில் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளை நிறையப் புரட்டியிருக்கிறேன். தூசி இவ்வளவு, சல்பர் டை ஆக்சைடு இவ்வளவு, நைட்ரஜன் ஆக்சைடு இவ்வளவு என்று இருக்கும். பெயின்ட் ஷாப்பில் அந்த வாயுக்களுக்கு என்ன வேலை? டொலுயின் இருக்காது, சைலீன் இருக்காது, பெயின்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் இருக்கவே இருக்காது. கருவியையும் ஷெட்டின் நடுத்தூணில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

தூண் மூச்சு விடுவதில்லை. அளக்க வேண்டியது பெயின்டரின் மூக்குக்குப் பக்கத்தில் உள்ள காற்றை, அவர் செய்யும் ஒவ்வொரு வேலையின்போதும். கீழே சொல்வதெல்லாம் அதை ஒழுங்காகச் செய்வதற்கான வழி. சேஃப்டி ஆபீசர், சூப்பர்வைசர், சின்னப் பட்டறை முதலாளி என மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். காற்றை இழுக்கும் சிறிய பம்பை ஆளின் மேல் நீங்களே மாட்டாவிட்டாலும், வரும் லேபிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் டின்னைப் படியுங்கள்

ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு பெயின்ட், தின்னர், ஹார்டனர், பிரைமருக்கும் எம்எஸ்டிஎஸ் (பொருளின் பாதுகாப்பு விவரம்) தாளைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்றாம் பகுதிதான் முக்கியம். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று அங்கேதான் போட்டிருக்கும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் என்றால் பெரும்பாலும் டொலுயின், அசிடேட், கீட்டோன், ஆல்கஹால் கலவை. எப்பாக்ஸி என்றால் சைலீன், பியூட்டனால். இரண்டு டின் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் என்றால் ஹார்டனர் டின்னில் எச்டிஐ வகை ஐசோசயனேட். விமானப் பாகங்களுக்கு அடிக்கும் மஞ்சள்-பச்சை பிரைமரில் குரோமேட் இருக்கலாம். எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை உள்ள ஊர் இது, அந்த வேலையைச் சப்-கான்ட்ராக்டில் எடுக்கும் சிறிய யூனிட்டுகளும் உண்டு. பவுடர் கோட்டிங் என்றால் தூசிதான் பிரச்சினை, பவுடரில் டிஜிஐசி என்ற பொருள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லேபிள் இல்லாமல் லூஸில் வாங்கும் தின்னர்தான் தலைவலி. அதற்கு எம்எஸ்டிஎஸ் வராது. கொஞ்சம் எடுத்து லேபில் கொடுத்து ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி) சோதனை பார்க்கச் சொல்லுங்கள், பென்சீன் இருக்கிறதா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அந்த ஒரு டெஸ்டுக்குச் செலவழிக்கத் தயங்கவே கூடாது.

ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள்

பம்ப் வேண்டாம், நோட்டு மட்டும் போதும். யார், என்ன செய்கிறார், எத்தனை நிமிடம், எங்கே நின்று, முகம் எந்தப் பக்கம். இந்த நாளை மிச்சம் பிடிப்பவர்கள் தப்பான ஆளின் சட்டையில் பம்பை மாட்டிவிட்டு, வந்த எண்ணை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

உதாரணமாக, எல்லோருடைய கண்ணும் கன் பிடிப்பவர் மேல்தான் இருக்கும். ஆனால் பெயின்ட் அடிக்கும் பூத்தின் வெளியே, மூலையில், ஹெல்பர் குந்தி உட்கார்ந்து அரை டின் தின்னரில் கன்னைக் கழற்றிப் போட்டு, நீடிலையும் நாசிலையும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பான். கையுறை இருக்காது. முகம் டின் வாய்க்கு ஒரு சாண் மேலே. கழுவி முடித்ததும் கப்பில் கொஞ்சம் தின்னர் ஊற்றி, காற்றில் இரண்டு மூன்று தடவை பீய்ச்சி அடித்துச் சுத்தம் பார்ப்பான். "தம்பி, பூத்துக்குள்ள போய் அடி" என்று பெயின்டர் கத்துவார். "ஆச்சுண்ணே, முடிஞ்சிருச்சு" என்பான். பல பட்டறைகளில் அன்றைய நாளின் மிக அடர்த்தியான ஆவியைச் சுவாசிப்பது இந்தப் பையன்தான்.

இன்னொன்று, பொருளின் வடிவம். தட்டையான ஷீட்டுக்கு அடிக்கும்போது மிஸ்ட் (பெயின்டின் நுண்துளிகள்) எதிர்ப்பக்கம் போய்விடும். ஹாப்பர், டேங்க், கன்ட்ரோல் பேனல் பெட்டி என்று உள்பக்கம் அடிக்க வேண்டிய பொருளாக இருந்தால் தலையை உள்ளே விட்டுத்தான் அடிக்க முடியும், அடித்த பெயின்ட் சுவரில் பட்டு முகத்துக்கே திரும்பி வரும். இரண்டும் 'ஸ்பிரே பெயின்டிங்' என்றுதான் ரெஜிஸ்டரில் இருக்கும். அளவில் பல மடங்கு வித்தியாசம் வரலாம்.

ஷட்டரையும் பாருங்கள். கிளாஸ் ஃபினிஷ் வேலையில் தூசி ஒட்டினால் ரீவொர்க், அதனால் ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு அடிப்பார்கள். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டால் என்சி லேக்கர் வெளுத்துப்போகும், அப்போதும் கதவு மூடித்தான். இன்ஸ்பெக்‌ஷன் அன்று திறந்து வைத்த ஷெட்டில் எடுத்த அளவு அந்த நாட்களுக்குப் பொருந்தாது. அளவெடுப்பை ஷட்டர் இறங்கியிருக்கும் நாளில் வையுங்கள். மாஸ்க் எங்கே தொங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தின்னர் பேரலுக்கு மேலே ஆணியில் ராத்திரி முழுக்கத் தொங்கும் கார்ட்ரிட்ஜ், காலையில் ஆள் போடுவதற்கு முன்பே ஆவியை உறிஞ்சி நிறைந்திருக்கும்.

ஆட்களைக் குழுவாகப் பிரியுங்கள்

ஒரே மாதிரி வேலை, ஒரே பொருள், ஒரே இடம் என்று இருப்பவர்கள் ஒரு குழு. ஸ்பிரே அடிப்பவர்கள் ஒரு குழு, மிக்ஸிங்கும் கன் கழுவலும் செய்யும் ஹெல்பர்கள் இன்னொன்று, தேய்த்துப் பட்டி போடுபவர்கள் மற்றொன்று. ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று அளவாவது, வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஈஎன் 689 தரநிலை ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது. மூன்று அளவும் அந்தப் பொருளுக்கு அனுமதித்த வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் தேறிற்று. நான்கு எடுத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே, ஐந்து எடுத்தால் 20 சதவீதத்துக்குக் கீழே. இவற்றில் ஏதாவது ஒன்று வரம்பையே தாண்டினால் தோல்வி. நடுவில் நின்றால் குறைந்தது ஆறு அளவு எடுத்துப் புள்ளியியல் கணக்குப் போட வேண்டும். 'ஒரு ஆள், ஒரு நாள், ஒரு எண், பாஸ்' என்பதற்கு அதில் இடமே இல்லை.

எதை எதால் பிடிப்பது

டொலுயின், சைலீன் போன்ற கரைப்பான் ஆவிக்கு சார்கோல் டியூப். தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய சிறிய கண்ணாடிக் குழாய், முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு அமைப்பான நையோஷின் 1501 முறைதான் இங்கேயும் லேபுகள் பின்பற்றுவது. பம்ப் வேகம் நிமிடத்துக்கு 0.01 முதல் 0.2 லிட்டர். டொலுயினுக்கு மொத்தம் 8 லிட்டர் காற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் கரி நிறைந்து பின்பக்கம் ஒழுகிவிடும். எம்இகே என்ற கீட்டோன் சாதாரணக் கரியில் சரியாகத் திரும்பக் கிடைக்காது, அது தின்னரில் இருந்தால் லேபிடம் முன்கூட்டியே சொல்லி வேறு டியூப் கேளுங்கள்.

பவுடர் கோட்டிங், தேய்ப்புத் தூசிக்கு ஐஓஎம் சேம்ப்ளர் (மூச்சில் போகும் தூசியைப் பிடிக்கும் கருவி), நிமிடத்துக்கு 2 லிட்டர், ஃபில்டரை எடை பார்ப்பது. குரோமேட்டுக்கு பிவிசி ஃபில்டர், நையோஷ் 7605. லேபில் 'மொத்த குரோமியம்' பார்த்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆறு இணைதிறன் குரோமியம் தனியாக வேண்டும்.

ஐசோசயனேட்தான் கடினம், அதனால்தான் எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமா உண்டாக்கும் பொருள் இது. ஒருவருக்கு உடல் ஒருமுறை ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் நெஞ்சடைக்கும், பெயின்ட் வேலையையே விட வேண்டி வரும். வாசனையை நம்ப முடியாது, மூக்குக்குத் தெரியும்போது வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும். காற்றில் அது ஆவியாக மட்டும் இல்லாமல் மிஸ்ட் துளியிலும் இருக்கும், பிடித்த பிறகும் ஃபில்டர் மேலேயே வினைபுரிந்து மறைந்துகொண்டிருக்கும். ஆகவே ரசாயனம் பூசிய ஃபில்டரோ, ரசாயனம் ஊற்றிய இம்பிஞ்சரோ (காற்றைக் குமிழியாக விடும் கண்ணாடிக் குப்பி) வேண்டும், எடுத்தவுடன் அங்கேயே ஃபில்டரைக் கரைசலில் போட வேண்டும். நையோஷ் 5521, 5525, ஐஎஸ்ஓ 17734 ஆகியவை இதற்கான முறைகள். லேபிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மோனமர் மட்டுமா, பாலி ஐசோசயனேட்டும் சேர்த்தா?" மோனமர் தனி மூலக்கூறு, பாலி என்பது அவை பல இணைந்தது. ஹார்டனரில் பெரும்பங்கு பாலி வகைதான். மோனமரை மட்டும் அளந்தால் 'கண்டறியப்படவில்லை' என்று வந்து எல்லோரையும் ஏமாற்றிவிடும்.

கையில் பிடிக்கும் பிஐடி மீட்டர் (ஆவியின் அளவைக் காட்டும் கருவி) துப்பு துலக்க நல்லது. எந்த நிமிடத்தில், எந்த மூலையில் ஏறுகிறது என்று உடனே காட்டும். ஆனால் அது ஐசோபியூட்டிலீன் அளவில் காட்டும் எண். 10.6 இவி விளக்குள்ள மீட்டரில் டொலுயின் மட்டும் இருந்தால் காட்டுவதைப் பாதியாக்க வேண்டும். கலவை என்றால் தோராயம்தான், அதை அறிக்கையில் எழுதி வரம்போடு ஒப்பிடக் கூடாது.

பம்பைச் சரிபார்த்தல்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றழுத்தம் பத்து சதவீதம் போலக் குறைவு. சென்னையில் செட் செய்துகொண்டு வந்த ரோட்டாமீட்டர் (காற்றின் ஓட்ட வேகம் காட்டும் குழாய்) இங்கே சரியாகக் காட்டாது. பம்பை இங்கேயே, அன்றைக்கே, டியூப்பையும் மாட்டிய நிலையில், சோப்புக் குமிழ் மீட்டரிலோ எலக்ட்ரானிக் கேலிப்ரேட்டரிலோ சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடியும். முன்னும் பின்னும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த சேம்பிளைத் தள்ளிவிடுங்கள். அன்றைய வெப்பநிலை, அழுத்தம் இரண்டும் தாளில் இருக்கட்டும்.

பம்ப் 'இன்ட்ரின்சிக்கலி சேஃப்' (ஆவியைத் தீப்பற்ற வைக்காத) வகையா என்று பார்க்காமல் பூத்துக்குள் விடாதீர்கள். டொலுயின் ஆவி காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். செல்போனும் வெளியேதான்.

மாட்டுவதும் கூடவே நிற்பதும்

பெயின்டரிடம் முதலில் பேசுங்கள். இது அவர் வேலையைச் சோதிக்க அல்ல, அவர் சுவாசிக்கும் காற்றைப் பார்க்க என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட ஜாக்கிரதையாக வேலை செய்வார், எண் குறைந்துவிடும். பம்ப் இடுப்பு பெல்ட்டில், குழாய் முதுகுப்பக்கமாக, டியூப் சட்டைக் காலரில். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், முகத்துக்கு முன்பக்கம். டியூப்பின் இரண்டு முனையையும் உடைத்து, அம்புக்குறி பம்பை நோக்கி இருக்கும்படி, செங்குத்தாக மாட்டுங்கள். மாஸ்க் போட்டிருந்தாலும் டியூப் மாஸ்க்குக்கு வெளியே. மாஸ்க் காப்பாற்றுகிறதா என்பது வேறு கேள்வி, அதை இந்த எண்ணில் கலக்க வேண்டாம்.

ஒரே டியூப்பில் எட்டு மணி நேரத்தையும் ஓட்டிவிடாதீர்கள். ஸ்பிரேக்கு ஒன்று, மிக்ஸிங்-கன் கழுவலுக்கு ஒன்று, மிச்ச நேரத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால்தான் எந்த வேலை கெடுக்கிறது என்று தெரியும். குறுகிய நேர வரம்புக்கு, மோசமான பதினைந்து நிமிடத்தில் 0.2 லிட்டர் வேகத்தில் தனி டியூப் ஓட்டுங்கள். எடுப்பவர் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அடிக்கடி பம்ப் ஓடுகிறதா பார்த்து, குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்து, நேரத்தோடு என்ன வேலை நடக்கிறது என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். டியூப் வாயில் பெயின்ட் துளி தெறித்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

முடிந்ததும் இரு முனையிலும் மூடி, லேபிள், குளிர்ச்சியான பெட்டி. கூடவே உடைத்து உடனே மூடிய வெற்று டியூப் குறைந்தது இரண்டு. தின்னர் சேம்பிள் பாட்டிலை டியூப் இருக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது, கசியும் ஆவி எல்லா டியூப்பையும் கெடுத்துவிடும். லேப் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றதா என்பதோடு, அந்தக் குறிப்பிட்ட சோதனை அங்கீகாரப் பட்டியலில் உண்டா என்றும் பாருங்கள்.

கணக்கு

லேப் மில்லிகிராம் தரும். இழுத்த காற்றைக் கனமீட்டராக்கி (1000 லிட்டர் ஒரு கனமீட்டர்) அதால் வகுத்தால் அடர்த்தி. பின்பகுதிக் கரியில் முன்பகுதியின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் ஒழுகிவிட்டது என்று பொருள், உண்மை அளவு அதைவிட அதிகம்.

விளக்கத்துக்காக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் வைத்தவை. ஸ்பிரே 150 நிமிடம், வேகம் 0.05 லிட்டர், மொத்தம் 7.5 லிட்டர். சைலீன் 1.8 மி.கி., டொலுயின் 0.9 மி.கி. அதாவது கனமீட்டருக்கு 240 மி.கி.-ம் 120 மி.கி.-ம். மிக்ஸிங்-கழுவல் 45 நிமிடம், 2.25 லிட்டர், சைலீன் 0.9, டொலுயின் 1.35. அதாவது 400-ம் 600-ம். மிச்ச 285 நிமிடம் தேய்ப்பு, மாஸ்கிங் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மூடி ஒட்டுவது): 20-ம் 15-ம்.

சைலீன்: (240×150 + 400×45 + 20×285) ÷ 480 = 124 மி.கி.
டொலுயின்: (120×150 + 600×45 + 15×285) ÷ 480 = 103 மி.கி.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எட்டு மணி நேர வரம்பு சைலீனுக்கு 435 மி.கி., டொலுயினுக்கு 375 மி.கி., இரண்டுமே 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). இரண்டும் நரம்பைத் தாக்கும் பொருள்கள் என்பதால் தனித்தனியாகப் பார்க்காமல் விகிதங்களைக் கூட்ட வேண்டும்: 124/435 + 103/375 = 0.56. ஒன்றுக்குக் கீழே. பெரும்பாலான அறிக்கைகள் இங்கே 'வரம்புக்குள்' என்று எழுதி முத்திரை குத்திவிடும்.

ஆனால் அதே அட்டவணையில் டொலுயினுக்குக் குறுகிய நேர வரம்பு 560 மி.கி. கன் கழுவும்போது 600. அங்கேயே மீறல். முழு நாள் சராசரி அதை மூடி மறைத்துவிட்டது, வேலைவாரியாகப் பிரித்து எடுத்ததால்தான் தெரிந்தது. அடுத்து, அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் ஏசிஜிஐஎச் அமைப்பு இப்போது பரிந்துரைப்பது டொலுயினுக்கும் சைலீனுக்கும் 20 பிபிஎம்தான், அதாவது சுமார் 75 மி.கி., 87 மி.கி. அதை வைத்துக் கூட்டினால் 1.43 + 1.37 = 2.8. சட்ட எண்ணும் சுகாதார எண்ணும் இவ்வளவு தூரத்தில் இருக்கும்போது, மனிதரைக் காப்பது எது என்று பார்த்துக் கண்டிப்பான எண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2020-ன் தொழில்சார் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், உங்களுக்கு இன்று பொருந்தும் சட்ட வரம்பைக் கர்நாடகத் தொழிற்சாலைகள் துறையிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓவர்டைம் உண்டு என்றால் வரம்பையே குறைக்க வேண்டும். பிரீஃப்-ஸ்காலா சூத்திரம்: (8 ÷ வேலை மணி) × (24 − வேலை மணி) ÷ 16. பத்து மணி நேரத்துக்கு வரம்பு 70 சதவீதமாகும், பன்னிரண்டுக்குப் பாதி. ஆர்டர் நெருக்கடியில் பன்னிரண்டு மணி நேரம் கன் பிடிப்பது பீன்யாவில் சாதாரணம்.

ஐசோசயனேட்டுக்கு பிரிட்டன் வரம்பு பயன்படும், ஏனென்றால் அது எல்லா வகை ஐசோசயனேட்டையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. எட்டு மணி நேரத்துக்குக் கனமீட்டருக்கு 0.02 மி.கி., பதினைந்து நிமிடத்துக்கு 0.07 மி.கி. மேலே பார்த்த நூற்றுக்கணக்கான மில்லிகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று அளவோடு, வேலை முடிந்ததும் சிறுநீர் எடுத்து எச்டிஏ (எச்டிஐ உடலில் மாறும் பொருள்) பார்ப்பது தோல் வழியாகவும், மாஸ்க் இடுக்கு வழியாகவும் போனதைக் காட்டிக்கொடுக்கும்.

பூத் காலியாக எத்தனை நிமிடம்?

கன் நின்றவுடன் பெயின்டர் மாஸ்க்கைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஃபினிஷைக் குனிந்து பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மிஸ்ட் அப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு புகை மெஷின் வாடகைக்கு எடுத்து, பூத்தைப் புகையால் நிரப்பி, எக்ஸாஸ்டைப் போட்டு, முழுசாகத் தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அந்த எண்ணைப் பூத் கதவில் பெரிதாக எழுதுங்கள். அதுவரை மாஸ்க் கழற்றக் கூடாது. செலவு குறைவு, ஆனால் ஐசோசயனேட் வேலையில் இதைவிடப் பலன் தரும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. புகை கதவிடுக்கு வழியாக ஷெட்டுக்குள் கசிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எண்ணை யாரிடம் சொல்வது

முதலில் பம்ப் மாட்டிக்கொண்ட ஆளிடம். தமிழிலோ கன்னடத்திலோ இந்தியிலோ, அவருக்குப் புரியும் மொழியில், ஒரே பக்கத்தில்: எந்த வேலையில் எவ்வளவு, வரம்பு எவ்வளவு, என்ன மாற்றப் போகிறோம், எப்போது. "சார், அப்போ என் இருமல் இதனாலயா?" என்று கேட்டால் மழுப்பாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகும்போது எம்எஸ்டிஎஸ் தாளும் இந்த அறிக்கையும் கையில் இருக்கட்டும். என்ன வேலை என்று டாக்டருக்குத் தெரியாவிட்டால் அது சாதாரண ஆஸ்துமாவாகவே எழுதப்பட்டுவிடும். ஐசோசயனேட் நச்சு, தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவே இருந்துவந்திருக்கிறது.

அடுத்து திருத்தம். மேலே உள்ள உதாரணத்தில் முதல் வேலை மாஸ்க் வாங்குவது அல்ல. கன் கழுவலை மூடிய கன்-வாஷருக்கு மாற்றுவது, மிக்ஸிங் மேஜைக்குப் பக்கவாட்டு எக்ஸாஸ்ட் வைப்பது, பூத் ஃபில்டரை மாற்றி வாயிலில் காற்று வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் அளவில் வருகிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு அதே ஆள், அதே வேலை, அதே பொருள், ஷட்டர் இறங்கிய அதே நிலையில் மறுபடி அளவு. தின்னர் பிராண்டு மாறினாலும், எப்பாக்ஸியிலிருந்து பியூவுக்குப் போனாலும், ஷிஃப்ட் நீண்டாலும், பூத்தை இடம் மாற்றினாலும் பழைய அறிக்கை செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும்.